மருத்துவிச்சியின் வாரிசு யார்? – மகப்பேற்று மருத்துவமும் நமது சமுதாயமும்

ஒரு சமுதாயம் எத்தொழிலை மதிக்கின்றது என்பதை அதன் மேடைப் பேச்சுக்களைக் கொண்டு அறிய முடியாது. தன் பிள்ளைகளை எத்தொழிலுக்கு அனுப்ப அது தயங்குகின்றது என்பதைக் கொண்டே அறியலாம். தாய்மையைப் போற்றாத தமிழ் மேடை இல்லை. பத்து மாதம் சுமந்தவளைப் பாடாத கவியரங்கும் இல்லை. ஆயினும், மருத்துவ பீடத்தில் இறுதியாண்டை எட்டிய மகளொருத்தி, மகப்பேற்றியலையும் பெண்ணோயியலையும் தன் சிறப்புத் துறையாக எடுக்கப்போவதாக வீட்டிற் சொல்லட்டும். தாய்மையைப் போற்றிய அதே வாய்கள், "உனக்கேன் பிள்ளை அந்த வில்லங்கம்? கண் வைத்தியம் இருக்கிறது, தோல் வைத்தியம் இருக்கிறது, இரவிலே நிம்மதியாக நித்திரை கொள்ளக்கூடிய ஒன்றை எடு" என்று புத்தி சொல்லத் தொடங்கும். சொல்பவர்கள் தீயவர்கள் அல்லர், மகள்மேல் அன்புடையவர்களே. ஆனால் அந்த அன்பான புத்திமதிக்குள் பழைய சாதி மனப்பான்மையும், பெண்ணைப் பற்றிய நிலமானியக் கருத்தும், புதிய வர்த்தகக் கணக்கும் ஒருங்கே அடங்கியுள்ளன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கலைப்பீடத்து மாணவருக்கு இதில் என்ன அலுவல் என்று மருத்துவ பீடத்து நண்பர்கள் கேட்கக்கூடும். குருதியமுக்கத்தை அளப்பதும் அதற்கு மருந்து விதிப்பதும் அவர்களது பணி. அதிற் குறுக்கிட நமக்கு எவ்வித உரிமையும் இல்லை. ஆனால் யார் மருத்துவராகின்றார், எத்துறைக்குச் செல்கின்றார், எம்மொழியில் நோயாளியுடன் பேசுகின்றார், எவருடைய செலவிற் கற்று எவருக்குத் தொண்டு செய்கின்றார் என்பன சமுதாயம் பற்றிய வினாக்கள். அவற்றை மருத்துவர் தாமே எழுப்பித் தாமே விடை கூறட்டும் என்று வாளாவிருப்பது, நாம் படிக்கும் வரலாற்றுக்கும் சமூகவியலுக்கும் மொழியியலுக்கும் இந்நாட்டில் வேலையில்லை என்று ஒப்புக்கொள்வதாகவே முடியும்.

தெய்வமும் துடக்கும்

திருச்சிராப்பள்ளி மலைக்கோயிலில் எழுந்தருளியுள்ள சிவபெருமானுக்குத் தாயுமானவர் என்று பெயர். பேறுகாலத்திலிருந்த இரத்தினாவதி என்னும் பெண்ணிடம் அவளது தாய் வந்து சேர முடியாதவாறு காவிரி பெருகித் தடுத்தபோது, இறைவனே தாயின் உருக்கொண்டு வந்து பிள்ளைப்பேறு பார்த்தான் என்பது அத்தலத்துக் கதை. சைவ உலகம் இக்கதையைப் பல நூற்றாண்டுகளாகப் போற்றி வருகின்றது. ஆனால் அதனுட் பொதிந்துள்ள கருத்தை அது ஒருபோதும் ஏற்றுக்கொள்ளவில்லை. கடவுள் தொட்ட குருதியை நாம் துடக்கு என்றோம். கடவுள் செய்த வேலையைச் செய்த மருத்துவிச்சியைக் குடிமை செய்பவள் என்றோம். பல ஊர்களில் அவள் தாழ்த்தப்பட்ட சாதியினள். நள்ளிரவில் ஆள் அனுப்பி அழைக்கப்பட்டாள். பிள்ளையை முதன்முதலில் ஏந்திய கை அவளுடையதே. அப்பிள்ளை வளர்ந்த பின்னர் அதே வீட்டின் விறாந்தையில் அவள் அமர முடியவில்லை.

கையின் பெருமையையும் சிறுமையையும் சாதியும் பட்டமும் தீர்மானிக்கும் நிலை நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. 1847இல் வியன்னா நகரப் பொது வைத்தியசாலையில் இரு பிரசவ விடுதிகள் இருந்தன. ஒன்றில் மருத்துவரும் மருத்துவ மாணவரும் பயின்றனர். மற்றதில் மருத்துவிச்சிகள் பயின்றனர். கற்றோர் பணிபுரிந்த முதலாவது விடுதியிலேயே பிரசவக் காய்ச்சலால் தாய்மார் மிகுதியாக இறந்தனர். அங்கு பணியாற்றிய செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவர் இதன் காரணத்தைத் தேடினார். பிணப் பரிசோதனை அறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வந்த மருத்துவர்களின் கைகளே நஞ்சைக் கொண்டுவந்தன எனக் கண்டார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிற் கைகழுவ வேண்டும் என அவர் விதித்ததும் மரணங்கள் பெரிதும் குறைந்தன. ஆயினும் மதிப்புக்குரிய கனவான்களின் கைகள் அழுக்கானவை என்பதை மருத்துவ உலகம் ஏற்க மறுத்தது. செம்மல்வைஸ் 1865இல் மனநோய் விடுதியொன்றில் இறந்தார்.

இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒரு போக்குப் புலனாகும். பிள்ளைப்பேறு பார்த்தல் பெண்களின் கைத்தொழிலாக இருந்தவரை அது இழிதொழில். அதனுள் கத்தியும் ஊசியும் பட்டமும் புகுந்ததும் அது உயர்தொழிலாயிற்று. உயர்தொழிலானதும் ஆண்களின் தொழிலுமாயிற்று. இன்று இலங்கையின் மருத்துவ பீடங்களில் அனுமதி பெறுவோருட் பெண்கள் சரிபாதிக்குக் குறைந்தவர் அல்லர். ஆயின் நமது நகரங்களில் மகப்பேற்று நிபுணர்களின் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டு நடந்தால் ஆண்களின் பெயர்களே மிகுதியாகக் கண்ணிற்படும். மருத்துவிச்சி பெண், தாதி பெண், நோவு படுபவளும் பெண், தீர்மானம் எடுப்பவர் மட்டும் பெரும்பாலும் ஆண். இவ்வமைப்பு இயற்கையாக விளைந்தது என நம்புவோர் நம்பட்டும்.

மானிப்பாய் கற்பித்த பாடம்

வியன்னாவிற் செம்மல்வைஸ் கைகழுவச் சொன்ன அதே 1847ஆம் ஆண்டில், சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மிஷன் மருத்துவர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மானிப்பாயில் மருத்துவம் செய்த அவர் தமிழ் கற்றார். பின்னர் தமிழிலேயே மேலைத்தேய மருத்துவத்தைப் போதித்தார். மகப்பேற்று மருத்துவம் பற்றிய ஆங்கில நூலொன்று அவரது முயற்சியால் 1857இல் தமிழில் வெளிவந்தது. கொழும்பு மருத்துவக் கல்லூரி நிறுவப்பட்டது 1870இல் என்பதை இங்கு நினைவிற் கொள்க. அஃதாவது, இந்நாட்டின் தலைநகரில் மருத்துவக் கல்லூரி தோன்றுவதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே, பிள்ளைப்பேற்றைப் பற்றிய நவீன அறிவு தமிழில் அச்சேறிவிட்டது. கிறீன் மத நோக்குடன் வந்தவர் என்பது உண்மையே. ஆயின் நோயாளியின் மொழியை மருத்துவர் கற்க வேண்டும், மருத்துவத்தின் மொழியை நோயாளி கற்க வேண்டியதில்லை என்னும் அடிப்படை உண்மையை அவர் உணர்ந்திருந்தார்.

ஆயினும் கிறீன் பயிற்றிய மாணவர் ஆண்கள். ஆண் மருத்துவர் எத்துணை வல்லவராயினும் அக்காலத்துப் பல வீடுகளிற் பேறுகாலப் பெண்ணை அணுக முடியவில்லை. கடலுக்கு அப்பால் திண்டிவனத்தில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. மிஷன் மருத்துவர் ஒருவரின் மகளான ஐடா ஸ்கடர், தாம் இளம்பெண்ணாக இருந்த காலத்தில் ஒரே இரவில் மூன்று கணவன்மார் தனித்தனியே வந்து தம் மனைவியரின் பிரசவத்துக்கு உதவி வேண்டியதையும், தம் தந்தையாரை அழைத்துச் செல்ல அம்மூவரும் மறுத்ததையும், விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனதையும் பின்னாளிற் கூறியுள்ளார். அவ்விரவே அவரை மருத்துவராக்கியது. 1899இல் அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், வேலூரில் வைத்தியசாலை அமைத்தார்; 1918இற் பெண்களுக்கெனவே ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். இணுவிலிற் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக மக்லியொட் வைத்தியசாலை எழுந்ததும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேதான். 1896இல் இலங்கைக்கு வந்த கனடிய மருத்துவரான மேரி, இரத்தினம் என்னும் தமிழரை மணந்து இந்நாட்டையே தம் நாடாகக் கொண்டார். கொழும்பிற் பெண்களுக்கு மருத்துவம் செய்த அவரே 1930இல் லங்கா மகிளா சமித்தியைத் தோற்றுவித்தவர். 1958இல் மக்சைசை விருது பெற்றவர். பெண்ணின் உடலைப் பார்த்த மருத்துவர், அவ்வுடலை நோய்க்கு ஆளாக்கும் வறுமையையும் அறியாமையையும் பாராதிருக்க முடியாது என்பதற்கு அவரது வாழ்வே எடுத்துக்காட்டு.

அக்காலம் வேறு, இக்காலம் வேறு. இன்றைய பெண்கள் ஆண் மருத்துவரிடம் தயங்காது செல்கின்றனரே என்று ஒரு மறுப்பு எழும். அதில் உண்மை உண்டு. இந்நாட்டிற் பிரசவங்கள் ஏறக்குறைய அனைத்தும் இன்று வைத்தியசாலைகளிலேயே நிகழ்கின்றன. ஆண் நிபுணர்களின் திறமையையோ கண்ணியத்தையோ நாம் ஐயுறவில்லை. ஆனால் வைத்தியசாலைக்கு வருதல் வேறு, வாய் திறத்தல் வேறு. கருப்பை இறக்கத்தைப் பல ஆண்டுகள் மறைத்து வைத்திருக்கும் கிழவியையும், மாதவிடாய் நின்ற பின்னர் குருதி கண்டதை எவரிடமும் சொல்லாத தாயையும், கணவனின் அடியாற் கரு கலைந்ததை வழுக்கி விழுந்ததாகச் சொல்லும் இளம்பெண்ணையும் நமது ஊர்களிற் காணாதவர் யார்? முப்பத்தைந்து வயதுப் பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்வதற்கென 1996 முதற் சுகவனிதையர் கிளினிக்குகள் இந்நாட்டில் நடைபெறுகின்றன. கட்டணம் இல்லை, தூரமும் அதிகமில்லை. இருந்தும் வராதோர் பலர். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காக்கும் நோக்கம் ஒன்றுக்கே கருக்கலைப்பை அனுமதிக்கின்றது; ஆகவே மறைவிற் கருக் கலைத்துக் காய்ச்சலுடன் வரும் பெண், தன்னை வைத்தியசாலை காப்பாற்றுமா காட்டிக்கொடுக்குமா என்ற அச்சத்துடனேயே வருகின்றாள். இத்தகைய பெண்களின் மௌனத்தை எந்தக் கருவியும் உடைக்காது. நம்பத்தக்க மனிதர் ஒருவர், அதுவும் தன்னைப் போன்ற ஒருத்தி, தன் மொழியிற் கேட்டாலே அது உடையும்.

மொழி என்றதும் சிலர் முகஞ்சுளிக்கின்றனர். மருத்துவத்துக்குள் அரசியலைக் கொண்டுவராதீர் என்கின்றனர். கர்ப்பவதி ஒருத்திக்குக் குருதியமுக்கம் கூடி வலிப்பு வருவதற்கு முன்னர் மூன்று அறிகுறிகள் தோன்றலாம்: கடுமையான தலையிடி, கண் மங்கல், மேல்வயிற்று நோவு. இம்மூன்றில் எதையும் வெளியிலிருந்து கண்ணாற் காண முடியாது. அவள் சொல்ல வேண்டும். கேட்பவருக்கு விளங்க வேண்டும். நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் தோட்டப்புறங்களிலே தமிழ் மட்டும் அறிந்த தாய்மாருக்குத் தமிழறியாத உத்தியோகத்தர் மருத்துவம் செய்யும் நிலை இன்றும் நீங்கவில்லை. 1987இல் தமிழும் அரசகரும மொழியெனச் சட்டத்தில் எழுதப்பட்டது. பிரசவ விடுதியின் சுவர்களுக்குள் அச்சட்டம் இன்னும் முழுமையாக நுழையவில்லை. விடுதியைக் கூட்டும் தொழிலாளியோ, அடுத்த கட்டிலிற் கிடப்பவளோ மொழிபெயர்ப்பாளராகி விடுவதுமுண்டு. தன் உடலின் அந்தரங்கத்தை அயலாள் ஒருத்தியின் வாய்வழியே சொல்ல நேர்பவள் எதைச் சொல்வாள், எதை விடுவாள்? இனிப் பிள்ளை பெறாதிருப்பதற்கான சத்திரசிகிச்சைக்குச் சம்மதப் பத்திரத்தை நீட்டும்போது, அவள் வைக்கும் கையொப்பம் சம்மதத்தைக் குறிக்குமா, பயத்தைக் குறிக்குமா?

இதற்குச் சிங்கள உத்தியோகத்தரைக் குறைகூறுதல் எளிது. எத்தனையோ பேர் தாமாகவே தமிழ்ச் சொற்களைக் கற்று அத்தாய்மாரைப் பேணி வருகின்றனர். அதைவிடக் கடினமான வினா ஒன்றை நம்மை நோக்கி நாமே எழுப்ப வேண்டும்: தமிழ் பேசும் மருத்துவர்களுள் எத்தனை பேர் மலையகத்து வைத்தியசாலையொன்றைத் தாமாக விரும்பிக் கேட்டனர்?

எண்களும் எண்களுக்குள் மறைந்தோரும்

இலங்கை பெருமைப்படத்தக்க கணக்கு ஒன்று உண்டு. 1940களின் நடுப்பகுதியில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு ஏறத்தாழ 1,500 தாய்மார் இறந்தனர். இன்று அத்தொகை முப்பதை அண்டியதாகக் குறைந்துள்ளது. செல்வம் மிக்க நாடுகள் நெடுங்காலத்திற் சாதித்ததை வறிய நாடொன்று மிகக் குறுகிய காலத்திற் சாதித்தது. எவ்வாறு? 1926இற் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. அவ்வழியே கிராமந்தோறும் மருத்துவ மாதர் அமர்த்தப்பட்டனர். வைத்தியசாலைகள் கட்டணமின்றித் திறந்திருந்தன. 1945இல் இலவசக் கல்வி வந்தது. எழுத்தறிந்த பெண் கிளினிக்குக்கு வந்தாள். 1946இன் பின்னர் மலேரியா ஒடுங்கியது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் இரத்த வங்கியும் வந்தன. ஒவ்வொரு தாய் மரணமும் ஏன் நிகழ்ந்தது என ஆராயும் நடைமுறை ஏற்பட்டது.

இப்பட்டியலில் நிபுணர் இல்லையா எனலாம். நிச்சயமாக உண்டு. பேற்றுக்குப் பின் பெருகும் குருதி சில மணி நேரத்தில் ஒரு பெண்ணைக் கொன்றுவிடும்; அவ்வேளை தேவைப்படுவது தேர்ந்த கையும் தெளிந்த தீர்மானமுமே. ஆனால் நிபுணர் ஒரு சங்கிலியின் இறுதிக் கண்ணி. வெயிலில் நடந்து வீடு வீடாகச் செல்லும் மருத்துவ மாது அதன் முதற் கண்ணி. முதற் கண்ணி அறுந்தால் இறுதிக் கண்ணி தொங்குவதற்கு ஒன்றுமில்லை. மருத்துவிச்சியை இழிவுபடுத்திய பழைய மனப்பான்மையுடனேயே இத்துறைக்குள் நுழையும் மருத்துவர், தம் துறையின் அடிப்படையையே அறியாதவராவார்.

முப்பது என்ற எண்ணுக்குள்ளும் சிலர் மறைந்துள்ளனர். சராசரி என்பது மேட்டையும் பள்ளத்தையும் ஒரே மட்டமாகக் காட்டும் வித்தை. தோட்டத்துப் பெண்ணின் குருதிச் சோகையும், நிறை குறைந்து பிறக்கும் அவளது குழந்தையும் அவ்வித்தைக்குள் மறைந்துவிடுகின்றன. லயத்திலிருந்து பெருந்தெருவரை உள்ள செங்குத்தான பாதையில் நோவுடன் இறங்கி வருபவளுக்குக் கொழும்பின் சராசரி என்ன ஆறுதல் தரும்?

இரவுக் கடமை என்னும் சாட்டு

இனி வீட்டின் வாதத்துக்கு வருவோம். பிள்ளைகள் இரவிலே பிறக்கின்றன. ஆகவே இத்துறை பெண்ணுக்கு ஒவ்வாது என்பதே அவ்வாதம். இரவுக் கடமை பெண்ணின் இயல்புக்கு ஒவ்வாதெனின், அது தாதிக்கு ஒவ்வுவது எங்ஙனம்? மருத்துவ மாதுக்கு ஒவ்வுவது எங்ஙனம்? விடியுமுன் எழுந்து பிள்ளைக்குப் பால் கொடுத்து, அதனைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, பனியிற் கொழுந்தெடுக்க மலையேறுபவளுக்கு எது ஒவ்வும் என்று யாரேனும் கேட்டதுண்டா? தாதியின் நித்திரையைப் பற்றிக் கவலைப்படாத சமுதாயம் பெண் மருத்துவரின் நித்திரையைப் பற்றி மட்டும் கவலைப்படுமாயின், அக்கவலை பெண்மையைப் பற்றியதன்று, வர்க்கத்தைப் பற்றியது.

அதன் அடியில் இன்னொரு கணக்கும் உண்டு. அது கலியாணக் கணக்கு. நமது சந்தையில் ஆண் மருத்துவருக்குச் சீதனத்தில் ஒரு விலை உண்டு. அவர் சிறப்புத் துறை எடுத்தால் அவ்விலை ஏறும். பெண் மருத்துவரோ மேலும் படிக்கப் படிக்க வயதேறுகின்றது என்பர். அவளுக்குக் கேட்கப்படும் சீதனமும் ஏறும். ஒரே பட்டம், ஒரே பயிற்சி. ஒருவருக்கு வரவு, மற்றவருக்குச் செலவு. இத்தகைய பேரத்தைக் கண்டிக்காது, "பெண்பிள்ளைகள் இத்துறைக்கு வருகின்றார்கள் இல்லையே" என்று வருந்துவது கதவைப் பூட்டிவிட்டு விருந்தினர் வரவில்லையே என்று வருந்துவதைப் போன்றது.

நிறுவனங்களும் குற்றத்தினின்று தப்ப முடியாது. மருத்துவப் பட்டத்துக்குப் பின்னர் ஓராண்டு உள்ளகப் பயிற்சி, அதன்பின் அரசாங்க சேவை, பின்னர் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தின் பரீட்சைகள், பல்லாண்டுப் பயிற்சி, வெளிநாட்டுப் பயிற்சி. ஒருவர் நிபுணராகும்போது முப்பதுகளின் நடுப்பகுதியை எட்டிவிடுகின்றார். பிறர் பிள்ளைப்பேற்றைப் பார்க்கக் கற்கும் ஆண்டுகளே ஒரு பெண் தான் பிள்ளை பெறக்கூடிய ஆண்டுகளுமாகும். தாய்மையைப் பற்றிய அறிவைப் போதிக்கும் துறை, தன்னிடம் பயில்பவள் தாயாவதை ஓர் இடையூறாகக் கருதுமாயின் அதைவிடப் பெரிய முரண்பாடு வேறென்ன? மூளையும் உறுதியும் இருந்தும் இவ்விடத்திற் பலர் விலகிச் செல்கின்றனர். விலகியவளைப் பார்த்து, "பெண்களுக்கு இத்துறையில் ஆர்வமில்லை" என்று எழுதிவைக்கின்றோம். பயிற்சிக் காலத்தை இடைநிறுத்தித் தொடரும் உரிமை, வைத்தியசாலையிலேயே குழந்தை பராமரிப்பு நிலையம், தங்குமிடம், இரவிற் பாதுகாப்பான போக்குவரத்து ஆகியன சலுகைகள் அல்ல. துறையைத் திறந்துவைப்பதற்கு வேண்டிய குறைந்தபட்ச நிபந்தனைகள். இவை கிடைத்தால் இளம் ஆண் மருத்துவர்களும் பயனடைவர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நல்ல நேரமும் நல்ல வருமானமும்

இத்துறையை விரும்பி எடுப்போர் எல்லோரையும் நாம் வாழ்த்தவும் தயாராக இல்லை. எதற்காக எடுக்கின்றனர் என்பதையும் கேட்க வேண்டும். தனியார் வைத்தியசாலைகளில் மகப்பேறு இன்று கொழுத்த வியாபாரம். இந்நாட்டிற் பிறக்கும் குழந்தைகளுள் மூன்றில் ஒன்றுக்குக் குறையாதவை இப்போது சத்திரசிகிச்சை மூலமே பிறக்கின்றன. நாட்டின் மொத்தப் பிறப்புகளில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இவ்வீதம் உயர்வதாற் தாய்மாரும் சிசுக்களும் இறப்பது மேலும் குறைவதாகக் காணப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவித்தது. சிசேரியன் உயிர்காக்கும் சிகிச்சை. அதனை வேண்டிய வேளையிற் செய்யாதவர் குற்றவாளி. ஆனால் ஒருமுறை கீறிய கருப்பை அடுத்த பேற்றுக்கு ஆபத்தைச் சேமித்து வைக்கின்றது. நஞ்சுக்கொடி அத்தழும்பில் ஒட்டிக்கொண்டு உயிருக்கே உலை வைப்பதும் உண்டு. வேண்டாத வேளையில் அதனைச் செய்பவரை என்னென்பது?

இங்கு மருத்துவரை மட்டும் குற்றஞ்சாட்டுதல் நேர்மையன்று. சோதிடர் குறித்துக் கொடுத்த நட்சத்திரத்தையும் இலக்கினத்தையும் கையிற் கொண்டு, அந்த நேரத்துக்குப் பிள்ளையை எடுத்துத் தருமாறு கேட்கும் படித்த பெற்றோர் நம்மிடையே உள்ளனர். பிள்ளை பிறந்த நேரத்தைக் கொண்டு சாதகம் கணித்த காலம் போய், சாதகத்தைக் கணித்துவிட்டுப் பிள்ளையைப் பிறப்பிக்கும் காலம் வந்துள்ளது! நவீன விஞ்ஞானத்தின் கத்தியும் பழைய மூடநம்பிக்கையின் பஞ்சாங்கமும் பணத்தின் முன்னிலையிற் கைகோத்து நிற்கும் காட்சி இது. "நோவு வரட்டும், காத்திருப்போம்" என்று சொல்லும் மருத்துவர் இரவு முழுவதும் விழித்திருக்க வேண்டும். அவருக்கு வருமானமும் குறைவு. ஆயின் காத்திருக்கத் தெரிவதே இக்கலையின் பாதி. பழைய மருத்துவிச்சி அதனை அறிந்திருந்தாள்.

தீர்க்கப்படாத கடன்

இந்நாட்டில் மருத்துவப் பட்டம் இலவசம் என்கின்றோம். இலவசம் என்று ஒன்று உலகில் இல்லை; வேறொருவர் செலுத்திவிட்டார் என்பதே அதன் பொருள். மருத்துவ மாணவர் ஒருவரின் கல்விக்கு வேண்டிய பணம் எங்கிருந்து வந்தது? நெடுங்காலமாக இந்நாட்டின் திறைசேரியை நிரப்பியது தேயிலை. அத்தேயிலையைக் கொய்தவர் 1948இற் குடியுரிமை பறிக்கப்பட்டவர். அது முற்றாகத் தீர்க்கப்பட 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாக்குரிமை இல்லாதிருந்த காலத்திலும் அவளது உழைப்பு நமது விரிவுரை மண்டபங்களைக் கட்டியது. அவளது பேற்று நோவின்போது அவளுக்கு விளங்கும் ஒரு சொல்லைப் பேச நம்மில் ஒருவர் அங்கு இல்லையாயின், நாம் கடனாளிகள்.

2022இன் பொருளாதார நெருக்கடியின் பின்னர் மருத்துவர் பலர் நாட்டைவிட்டுச் சென்றனர். அவர்களைத் துரோகிகள் என்று ஏசுவது மலிவான தேசபக்தி. சம்பளம் போதாது, எரிபொருள் இல்லை, மருந்து இல்லை என்ற நிலையில் எவரையும் தியாகியாகும்படி கட்டளையிட முடியாது. ஆனால் எஞ்சியிருந்து மாவட்ட வைத்தியசாலைகளில் இரவும் பகலும் நின்றவர்களுக்கு நாம் என்ன மதிப்பைக் கொடுத்தோம்? வெளிநாடு சென்றவரின் பெயரைக் கலியாண அழைப்பிதழிற் கொட்டை எழுத்தில் அச்சிடும் நாம், தோட்டப்புறத்து வைத்தியசாலையில் நிற்பவரை "இன்னும் அங்கேதானா?" என்று கேட்கின்றோம். மக்கள் போவதற்குப் பணம் ஒரு காரணம். இந்தக் கேள்வி இன்னொரு காரணம்.

ஆகவே மருத்துவ பீடத்துத் தோழியரை நோக்கிக் கூறுவது இதுவே: இத்துறை எளிதன்று, உங்களை அழைப்பவர்கள் அதை மறைத்தல் கூடாது. ஓர் உயிரைக் காப்பதற்குப் பிற துறைகளிற் பயில்கின்றீர்கள். இங்கு ஒரே வேளையில் இரண்டு உயிர்கள் உங்கள் கையிலிருக்கும். இரண்டில் ஒன்று பேசாது. மற்றது பல வேளைகளிற் பேச அஞ்சும். அந்த அச்சத்தை நீக்கக்கூடியவர்களுள் நீங்கள் முதன்மையானவர்கள். இத்துறையை வேண்டாம் என்று நீங்களே ஆராய்ந்து விலகினால் அது உங்கள் உரிமை. மாமன் மாமியரின் கணக்குக்காக விலகுவீர்களாயின் அது நமது தோல்வி.

கலைப்பீடத்தினராகிய நமக்கும் வேலை உண்டு. மகப்பேற்றுச் சொற்களைத் தோட்டத்துத் தமிழிலும், மட்டக்களப்புத் தமிழிலும், முஸ்லிம் மக்களின் வழக்கிலும், யாழ்ப்பாண வழக்கிலும் திரட்டி, சிங்கள மருத்துவர் ஒருவர் சட்டைப்பையில் வைத்திருக்கத்தக்க சிறு கைந்நூலாக்குவது மொழியியல் மாணவர் ஒரு விடுமுறைக்காலத்திற் செய்யத்தக்க பணி. பேறுகாலப் பெண்களின் அனுபவங்களைப் பதிவு செய்வது சமூகவியல் மாணவரின் பணி. சம்மதப் பத்திரங்களை விளங்கும் தமிழில் எழுதுவது நம் அனைவரதும் பணி. 1857இல் அயல்நாட்டவர் ஒருவர் தமிழில் தொடங்கி வைத்ததை இன்று நாம் தொடராதிருப்பதற்குச் சொல்லக்கூடிய நியாயம் எதுவுமில்லை.

மருத்துவிச்சியின் வாரிசு யார் என்ற வினாவுக்கு விடை இரத்த உறவில் இல்லை. அவளது பொறுமையையும், நள்ளிரவில் எழுந்து சென்ற கடமையுணர்வையும், தாயின் மொழியிற் பேசிய இயல்பையும் புதிய விஞ்ஞானத்துடன் சேர்த்து ஏற்பவளே அவளது வாரிசு. அத்தகைய ஒருத்தி நம் வீடுகளிற் பிறந்து நம் பல்கலைக்கழகங்களிற் பயின்றுகொண்டிருக்கின்றாள். அடுத்த விடுமுறைக்கு அவள் வீடு சென்று தன் விருப்பத்தைச் சொல்லும்போது, எந்தப் புத்திமதியைச் சொல்லப்போகின்றோம் என்பதை நாம் இப்போதே தீர்மானித்துக்கொள்வோமாக.